கண்ணாடியைப் பாடினீர்கள், சுவரை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் ஹார்ட்விக் ஹால் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன, குறிப்பாக மாலை வெயிலில் மேற்குப் பக்க ஜன்னல்கள் மொத்தமும் தீப்பிடித்த மாதிரி மின்னும் அந்தப் பெரிய படம். எம்1 நெடுஞ்சாலையில் போகிற யாரும் குன்றின் மேல் அந்த மினுக்கத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பாமல் இருக்க முடியாது. ஆனால் எழுத்து படத்துக்கு ஈடாக இல்லை. சில விஷயங்கள் தப்பு, அதுகூடப் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். முக்கியமான ஒன்று வரவே இல்லை, அதுதான் என்னை எழுத வைத்தது. நான் இருப்பது பக்கத்து நாட்டிங்காமில், கட்டடப் பொறியியல்தான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எளிதான தப்பை முடித்துவிடுவோம். ஸ்காட்லாந்து ராணி மேரி இந்த வீட்டில்தான் சிறை வைக்கப்பட்டிருந்தார் என்று பெட்டிச் செய்தியில் போட்டிருக்கிறீர்கள். மேரியின் தலையை வெட்டியது 1587 பிப்ரவரியில். இந்த வீட்டுக்கு வானம் தோண்டியதே 1590 கடைசியில். செத்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆனவரை எப்படிச் சிறை வைப்பது? உள்ளே அவர் பெயரில் ஒரு அறை இருப்பது உண்மை, அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் கதையைப் பல தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. இதில் உண்மையின் ஓரம் எவ்வளவு என்றால், வீட்டைக் கட்டிய அம்மாளின் நாலாவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபுதான் 1569 முதல் 1584 வரை மேரிக்குக் காவல் பொறுப்பில் இருந்தவர். அந்தக் காவல் நடந்த இடங்கள் வேறு வேறு, ஹார்ட்விக் அதில் இல்லை.

அடுத்தது, "ஒரு பிரபுவின் மாளிகை" என்று தலைப்பிலேயே போட்டது. இது பிரபு கட்டிய வீடு இல்லை. எலிசபெத் என்கிற பெஸ், ஹார்ட்விக்கிலேயே சுமாரான ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் 1527 வாக்கில் பிறந்தவர், கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்தவர், நாலு கல்யாணம் செய்து ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறியவர். இரண்டாவது கணவர் கேவன்டிஷோடு சேர்ந்து சாட்ஸ்வொர்த் சொத்தை வாங்கி அங்கே ஒரு பெரிய வீடு கட்டினார். நாலாவது கணவரோடு சண்டை முற்றி 1584ல் அந்த சாட்ஸ்வொர்த்தை விட்டே கிளம்ப வேண்டி வந்தது. அப்போது அவருக்குப் போக்கிடமாக இருந்தது பிறந்த இடமான ஹார்ட்விக். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. உடன்பிறந்த ஜேம்ஸ் கடனில் மூழ்கி 1581ல் கடன்காரர் சிறையில் செத்துப்போனார், அந்தச் சொத்தை பெஸ் விலைக்கு வாங்கிக்கொண்டார். முதலில் பழைய வீட்டையே இடித்துத் திருப்பி, இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். 1590 நவம்பரில் கணவர் இறந்தார், விதவைக்கு வரவேண்டிய பங்கு வந்தது, கையில் பெரும்பணம் புரண்டது. பழைய வீட்டு வேலை முடியாமல் இருக்கும்போதே அதற்குக் கூப்பிடு தூரத்தில் புதிய வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார். அறுபது வயதைத் தாண்டிய அம்மாள்! 1597ல் குடி புகுந்தபோது எழுபது. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் குடைந்த இரண்டு எழுத்துகள், இ, எஸ் என்று, அதாவது எலிசபெத் ஷ்ரூஸ்பரி, மேலே பிரபுப் பட்டத்துக் கிரீடத்தோடு. வானத்தைப் பின்னணியாக வைத்துத் தன் பெயரை எழுதிக்கொண்டவரை "பிரபுவின் மனைவி" என்று ஒரே வரியில் கடந்துபோவது கொஞ்சம் அநியாயம்தான்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம்: சில ஜன்னல்களுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, ஜன்னல் வரி கட்ட முடியாமல் அடைத்துவிட்டார்கள் என்று. ஜன்னல் வரி இங்கிலாந்தில் வந்தது 1696ல், ஒழிந்தது 1851ல். அந்த வரிக்குப் பயந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த வீடுகள் இன்றும் எல்லா ஊரிலும் இருக்கின்றன, அது உண்மை. ஆனால் ஹார்ட்விக்கின் போலி ஜன்னல்கள் கட்டும்போதே போலியாகக் கட்டியவை. வெளியே கல் சட்டம், கண்ணாடி எல்லாம் முறையாக இருக்கும், உள்ளே போனால் அந்த இடத்தில் புகைபோக்கிச் சுவர். இன்னும் சில இடத்தில் வெளியே ஒரே உயரமான ஜன்னல், உள்ளே நடுவில் ஒரு தளம் குறுக்கே ஓடி இரண்டு தாழ்வான அறைகள் அந்த ஒரு ஜன்னலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். ஏன் இந்த ஏமாற்று? வெளியே நின்று பார்த்தால் இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற அறைகள் ஒரே அளவில் இல்லை, சமையலறைக்கு வேண்டியது வேறு, படுக்கையறைக்கு வேண்டியது வேறு. அந்தக் குழப்பம் வெளியே தெரியக்கூடாது. என் வேலையில் இன்றும் இந்தச் சண்டை நடக்கிறது, முகப்பு அழகா உள்ளே வசதியா என்று. பெஸ் அம்மாள் தயங்காமல் முகப்பு என்று சொல்லிவிட்டு, உள்ளே வேண்டிய இடத்தில் பொய் சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று இந்த வீட்டைப் பற்றி இங்கே ஒரு பழைய சொலவடை உண்டு, ஆங்கிலத்தில் எதுகையோடு வரும், உங்கள் கட்டுரையும் அதைத்தான் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகிறது. கண்ணாடி அன்று கொள்ளை விலை, அதை இவ்வளவு வாங்கி மாட்டினால் பணம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், எல்லாம் சரி. ஆனால் கல் கட்டடத்தில் கண்ணாடியைக் கூட்டுவது பணத்தால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. அன்று இரும்புச் சட்டகம் கிடையாது, கான்கிரீட் கிடையாது. மூன்று உயரமான தளங்கள், மேலே ஈயத் தகடு போர்த்திய கூரை, எல்லா பாரத்தையும் கல் சுவர்தான் தரைக்கு இறக்க வேண்டும். வெளிச்சுவரில் பாதிக்கு மேல் ஓட்டை போட்டுவிட்டால் அந்த பாரம் எங்கே போகும்? இந்தக் கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை.

பதில் வீட்டுக்கு உள்ளே இருக்கிறது. அந்தக் காலத்துக் கல் வீடுகளில் கணப்பு அடுப்பையும் அதன் புகைபோக்கியையும் பெரும்பாலும் வெளிச்சுவரில் வைப்பார்கள். அடுப்பு இருக்கிற இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது, புகை போகிற வழி மேலே கூரை வரைக்கும் போகும், அதனால் ஒரு அடுப்புக்காக எல்லாத் தளத்திலும் அத்தனை இடம் வீணாகும். ஹார்ட்விக்கில் பெரும்பாலான புகைபோக்கிகளை வீட்டுக்கு உள்ளே, நடுச்சுவர்களுக்குள் செருகிவிட்டார்கள். அந்த நடுச்சுவர்தான் வீட்டின் முதுகெலும்பு. மரத் தளங்களின் உத்தரங்கள் அதில் வந்து உட்காருகின்றன, புகை அதற்குள்ளேயே மேலே ஏறிப் போகிறது, நெருப்பின் சூட்டையும் அது வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. வெளிச்சுவர் இந்த வேலையிலிருந்து விடுபட்டுவிட்டது. அப்படி விடுபட்டதால்தான் அதைத் திறந்துவிட முடிந்தது. ஒன்றிரண்டு இடத்தில் உள்ளே தள்ள முடியாத புகைபோக்கி வெளிச்சுவரிலேயே மாட்டிக்கொண்டது, அங்கேதான் மேலே சொன்ன போலி ஜன்னல். ஆக உங்கள் நிருபர் வரிக்கு அடைத்தது என்று தள்ளிவிட்ட அந்தப் போலி ஜன்னல்தான் இந்த வீடு எப்படி நிற்கிறது என்பதற்கே சாட்சி.

அப்புறம் அந்தக் கோபுரங்கள். அழகுக்கு வைத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீள்சதுரமான வீடு, நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு, குறுகின பக்கங்களில் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு சதுரக் கோபுரங்கள், கூரைக்கு மேலும் ஒரு மாடி எழும்பி நிற்கின்றன. தட்டையான ஒரு நீளச் சுவரில் நிறைய ஓட்டை போட்டால் அது தள்ளாடும், சுவரை அங்கங்கே மடக்கி மூலை போட்டால் விறைப்பாக நிற்கும், ஒரு அட்டையை மடித்து நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த ஆறு கோபுரங்களும் சுவரை மடக்கி நிறுத்துகிற மூலைகள். ஜன்னல்களும் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் அடுக்கியிருப்பதால் இடையில் இருக்கிற கல் தூண் பகுதி மேலிருந்து கீழே வரை அறுபடாமல் இறங்குகிறது. நடந்துகொண்டே பார்த்தால் கோபுரங்கள் ஒன்றை ஒன்று மறைத்து விலகி, வீட்டின் உருவமே மாறிக்கொண்டிருக்கும், அது தனி விஷயம், அதைப் படத்தில் பிடிக்க முடியாது என்பதால் உங்கள் புகைப்படக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதை யோசித்தவர் யார் என்று கேட்டால் ராபர்ட் ஸ்மித்சன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கல் கொத்தனாராகத் தொடங்கியவர். வில்ட்ஷயரில் லாங்லீட், எங்கள் நாட்டிங்காமில் 1580 முதல் 1588 வரை எழுந்த வோலட்டன் ஹால், அதற்குப் பிறகு இது. அவருடைய வரைபடங்கள் இன்றும் இருக்கின்றன, அவற்றில் ஹார்ட்விக் தரைப்படத்தின் ஒரு முந்தைய வடிவம் என்று சொல்லக்கூடியதும் உண்டு. 1614ல் இறந்தார், வோலட்டன் தேவாலயத்தில் இருக்கிற அவர் நினைவுக்கல்லில் அவரைக் கட்டடக் கலைஞர் என்றே பொறித்திருக்கிறார்கள், இங்கிலாந்தில் கொத்தனாரைத் தாண்டி அப்படி ஒருவர் அழைக்கப்படுவது அன்று புதுசு. உங்கள் கட்டுரையில் இவர் பெயர் வரவே இல்லை. தாஜ்மகாலைப் பற்றி எழுதினால் ஷாஜகானோடு நிறுத்திக்கொள்கிற அதே பழக்கம் நமக்கு எல்லா ஊர்க் கட்டடத்திலும் இருக்கிறது.

கொத்தனார்கள் பெயரும் தெரியும் என்பதுதான் ஹார்ட்விக்கின் பெரிய கொடுப்பினை. பெஸ் அம்மாளின் கட்டட வேலைக் கணக்குப் புத்தகங்கள் பிழைத்திருக்கின்றன. யாருக்கு எவ்வளவு கூலி, எத்தனை வண்டி கல், எவ்வளவு சுண்ணாம்பு எல்லாம் வரிவரியாக இருக்கும், பக்கத்துக்கு அடியில் அம்மாளே கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். வோலட்டனில் வேலை பார்த்துவிட்டு வந்த ரோட்ஸ் சகோதரர்கள், ஜானும் கிறிஸ்டோபரும், கல் வேலையின் பெரும்பகுதியை எடுத்துச் செய்தார்கள். தாமஸ் அக்ரஸ் என்பவர் பளிங்கு வேலைக்காரர், கணப்பு அடுப்புகளுக்கு வேண்டிய கறுப்புக் கல்லை அறுக்க ஒரு யந்திரமே செய்தார். சுதை வேலை ஆபிரகாம் ஸ்மித். உச்சித் தளத்தின் பெரிய அறையில் சுவரின் மேல் பகுதி முழுக்க வேட்டைத் தெய்வம் டயானாவும் காடும் மிருகங்களும் வண்ணம் பூசின சுதையில் ஓடுகின்றன, நம் கோபுரத்துச் சுதை பார்த்துப் பழகின கண்ணுக்கு அங்கே நின்றால் கழுத்து வலிக்கிற வரை பார்க்கத் தோன்றும். சும்மா மரம் வரைந்து வைக்கவில்லை, நிஜ மரத்தண்டுகளையே சுதைக்குள் பொதித்திருக்கிறார்கள் என்று காட்டுவார்கள்.

கல் எங்கிருந்து வந்தது? எங்கேயும் போகவில்லை. வீடு நிற்கிற அதே குன்றின் சரிவில் வெட்டிய மணற்கல். இந்த வட்டாரம் முழுக்க நிலக்கரிப் படிவம், அதன் இடையில் கிடக்கிற மணற்கல் அடுக்கு இது. கண்ணாடியும் ஈயமும் இரும்பும் மரமும்கூடப் பெரும்பாலும் அம்மாளின் சொந்த நிலங்களிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் வந்தவை, வெளியே கொட்டிக்கொடுத்தது குறைவு. அந்த வகையில் இது ஒரு முதலாளியின் வீடு, சுரங்கமும் கண்ணாடி உலையும் நடத்தின ஒருவர் தன் சரக்கைத் தானே உபயோகித்துக்கொண்டது.

கண்ணாடியைப் பற்றியும் ஒன்று. அன்று பெரிய கண்ணாடிப் பலகை செய்யத் தெரியாது. ஊதிச் செய்த கண்ணாடியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஈயப் பட்டியில் கோத்து, அந்தச் சட்டத்தைக் கல் நிலைகளுக்கு நடுவில் பொருத்தினார்கள். ஒரு துண்டு ஒரு கோணத்தில் சாய்ந்திருக்கும், பக்கத்துத் துண்டு வேறு கோணத்தில். உங்கள் படத்தில் அந்த மினுக்கம் அலையடிக்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான். இன்றைய கண்ணாடிக் கட்டடங்களைப் பாருங்கள், ஒரே தட்டையாகச் செத்த பளபளப்பு. (இது என் சொந்த வயிற்றெரிச்சல், நானும் அப்படிக் கட்டுகிறவன்தான், விட்டுவிடுங்கள்.)

உள்ளே நுழைந்தவுடன் வருகிற பெரிய கூடத்தைப் பற்றிக் கட்டுரையில் "பிரம்மாண்டம்" என்ற ஒரே சொல். அந்தக் கூடத்தில்தான் இங்கிலாந்து வீடு ஒன்று பழைய பழக்கத்தை மாற்றிக்கொண்டது. அதுவரை பெரிய வீடுகளில் கூடம் முகப்புக்கு இணையாக நீளவாக்கில் இருக்கும், ஒரு ஓரத்து வாசல் வழியாக உள்ளே வந்து, மரத் தட்டியைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். எசமானர் மறு ஓரத்தில் மேடை போட்டு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். அதனால் வாசல் முகப்பின் நடுவில் வராது, முகப்பு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். ஸ்மித்சன் கூடத்தைச் சுழற்றி, வாசலிலிருந்து நேராக வீட்டின் குறுக்கே முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை விட்டுவிட்டார். வாசல் நடுவில் வந்தது, இடம் வலம் சமமானது. கூடவே கூடத்தின் மரியாதையும் இறங்கியது, ஏனென்றால் அம்மாள் அங்கே உட்கார்ந்து சாப்பிடப் போவதில்லை. அது இனி வேலைக்காரர்களுக்கான இடம், வருகிறவர்கள் கடந்து போகிற இடம்.

அம்மாள் எங்கே? மேலே. கீழ்த்தளம் வேலைக்காரர்களுக்கும் சமையலுக்கும், நடுத்தளம் அம்மாளும் குடும்பமும் புழங்குவதற்கு, உச்சித்தளம் ராணி வந்தாலும் வரவேற்கிற மாதிரி ராஜ மரியாதைக்கு. வெளியே பார்த்தால் மேலே போகப் போக ஜன்னல் உயரம் கூடிக்கொண்டே போகும், அந்த ஜன்னல்களை வைத்தே எந்தத் தளத்தில் யார் என்று சொல்லிவிடலாம். கீழேயிருந்து மேலே போகிற கல் படிக்கட்டுதான் எனக்கு இந்த வீட்டிலேயே பிடித்த இடம். ஒரே கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஏறாது. நேராகக் கொஞ்சம் ஏறும், திரும்பும், இருட்டில் போகும், மறுபடி வெளிச்சத்துக்கு வரும், வீட்டுக்கு உள்ளேயே ஒரு தெரு மாதிரி அலையும். படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. சாப்பாடும் இதே வழியில்தான், கீழே சமையலறையில் எடுத்து, கூடத்தைக் கடந்து, இத்தனை படியும் ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு உச்சித்தளத்துப் பெரிய அறைக்குப் போக வேண்டும். சூடாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, ஊர்வலம்தான் முக்கியம். சாப்பிட்டு முடித்தபின் இன்னும் மேலே, ஈயக் கூரை மேல் நடந்து, ஒரு கோபுரத்து உச்சி அறைக்குப் போய் இனிப்பும் பழமும் சாப்பிடுவார்களாம். காற்று அடிக்கிற அடியில் மொட்டை மாடியில் இனிப்பு.

உச்சித்தளத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க நீளக் கூடம், ஐம்பது மீட்டர் வாக்கில் ஓடுகிறது. மழை நாளில் நடை பழகுகிற இடம், இங்கே மழை நாள் எது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதன் சுவரில் பைபிளில் வருகிற வீரன் கிடியனின் கதையை நெய்த பதிமூன்று பிரம்மாண்டமான சித்திரத் திரைகள், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் உயரம். இவை அழகுக்கு மட்டும் இல்லை, இவ்வளவு கண்ணாடி வைத்த வீட்டில் டிசம்பர் ஜனவரியைத் தாண்டுவதற்குச் சுவருக்குப் போட்ட கம்பளி. கிறிஸ்டோபர் ஹாட்டன் என்ற அமைச்சருக்காக 1578ல் ஃபிளான்டர்ஸில் நெய்தவை, அவர் கடனோடு இறந்ததும் வாரிசிடமிருந்து 1592ல் பெஸ் வாங்கினார், 326 பவுண்டு சொச்சம். திரைகளில் ஹாட்டனின் குலச்சின்னம் நெய்திருந்தது. அதை மாற்ற ஆகும் செலவு என்று 5 பவுண்டு கழித்துக்கொண்டு, கடைசியில் தன் சின்னத்தைத் துணியில் வரைந்து மேலே ஒட்டவைத்து வேலையை முடித்துவிட்டார். பேரம் பேசத் தெரிந்த அம்மாள்! இந்தப் பதிமூன்றையும் ஒவ்வொன்றாக இறக்கி, நூற்றாண்டுக் கணக்கான புகையையும் தூசியையும் கழுவி, தைத்து, மறுபடி மாட்டி முடிக்க 24 வருஷம் ஆயிற்று, 2023ல்தான் முடிந்தது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இயங்கின நாட்டில் புகைக்கு என்ன பஞ்சம்.

அதே புகைதான் கல்லையும் தின்றது. "காலத்தால் அழியாத கல் மாளிகை" என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். தயவுசெய்து நேரில் போய்க் கிட்டே நின்று பார்க்கச் சொல்லுங்கள். மணற்கல் என்பது மணல் படிந்து இறுகின அடுக்கு. அடுக்கு படுத்திருந்தபடியே கல்லைச் சுவரில் வைத்தால் தாங்கும், நிமிர்த்தி வைத்துவிட்டால் மழையும் பனியும் உள்ளே புகுந்து அப்பளமாக உரிந்து வரும். கரிப்புகை கலந்த மழைத்தண்ணீர் மேலே ஒரு கறுப்பு ஓடு மாதிரி படிய வைக்கும், அந்த ஓடு பெயரும்போது கல்லையும் பிய்த்துக்கொண்டு போகும். பழுது பார்க்கிறேன் என்று சிமென்ட் பூசினால் இன்னும் மோசம், சிமென்ட் வழியாக ஈரம் வெளியே வராது, கல் வழியாகத்தான் வரும், வந்து கல்லைப் பொடியாக்கும். அதனால் சுண்ணாம்புச் சாந்துதான், கெட்டுப்போன கல்லை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கல்லைச் செதுக்கி வைப்பதுதான். வாரிசு வரியில் இந்த வீடு கையைவிட்டுப் போன கதை தெரிந்ததே: பத்தாவது டெவன்ஷயர் கோமகன் 1950ல் இறந்தார், சொத்தில் 80 சதவீதம் வரி, அதில் ஒரு பகுதிக்கு ஈடாக ஹார்ட்விக்கை அரசிடம் கொடுத்தார்கள், 1959ல் பழைய மாளிகைகளைக் காக்கிற நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளை கைக்கு வந்தது. அன்றிலிருந்து கல் மாற்றுகிற வேலை ஓய்ந்தபாடில்லை. ஆகவே நீங்கள் பார்க்கிற ஜன்னல் சட்டங்களிலும் உச்சி அலங்காரங்களிலும் கணிசமானது பிற்காலத்துக் கொத்தனார் கை, அதில் குறைவு ஒன்றும் இல்லை, ஆனால் அழியாதது என்று எழுதினால் அந்தக் கொத்தனார்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

உள்ளே இவ்வளவு பழையபடியே இருப்பதற்குக் காரணம் யாருடைய பக்தியும் இல்லை. பெஸ் அம்மாளுக்கு மூத்த மகனோடு ஒத்துவரவில்லை, ஹார்ட்விக்கை இரண்டாவது மகன் வில்லியமுக்கு வைத்தார். 1608ல் அம்மாள் இறந்த அடுத்த வருஷமே வில்லியம் அண்ணனிடமிருந்து சாட்ஸ்வொர்த்தையும் வாங்கிவிட்டார். அவர் வம்சம் டெவன்ஷயர் கோமகன்கள் ஆயிற்று, அவர்கள் பணத்தையும் புது மோகத்தையும் எல்லாம் சாட்ஸ்வொர்த்தில் கொட்டினார்கள், அதை இடித்து இடித்துக் கட்டினார்கள். ஹார்ட்விக் இரண்டாவது வீடாகச் சும்மா கிடந்தது. கண்டுகொள்ளாமல் விட்டதால் பிழைத்த வீடு. இடையில் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் 1679ல் இங்கேதான் இறந்தார், அந்தக் குடும்பத்துக்கு வாத்தியாராக இருந்தவர், பக்கத்து ஆல்ட் ஹக்னல் தேவாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். இது கட்டடக் கலை இல்லை, ஆனால் பெட்டிச் செய்திக்கு மேரி கதையைவிட நல்ல சரக்கு.

கடைசியாக, கட்டுரையில் ஒரு படத்தின் ஓரத்தில் இடிந்த சுவர் தெரிகிறது, அதற்கு "பழங்கால இடிபாடு" என்று குறிப்பு. அதுதான் நான் முதலில் சொன்ன பழைய வீடு. புதியதைவிட மூன்று வருஷம்தான் மூத்தது. அதன் கூரையும் தளங்களும் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரும்பாலும் பிரித்து எடுக்கப்பட்டுவிட்டன, இன்று இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற பழஞ்சின்னப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது. தரை இல்லாமல் சுவரின் நடுவே அந்தரத்தில் கணப்பு அடுப்புகள் தொங்குகின்றன, ஒரு அடுப்புக்கு மேல் சுதையில் செய்த இரண்டு அரக்கர்கள் மழைக்கு மறைப்புக் கட்டி இன்னும் நிற்கிறார்கள். புகை எப்படிச் சுவருக்குள் ஏறிப்போனது, உத்தரம் எந்தக் குழியில் உட்கார்ந்தது, ஜன்னல் எங்கே பாரத்துக்கு வழிவிட்டது எல்லாம் அங்கே திறந்து கிடக்கிறது. மாணவர்களுக்கு வகுப்பில் கோடு போட்டுக் காட்டுகிற குறுக்குவெட்டுப் படம் கல்லிலேயே நிற்கிறது. அம்மாள் இரண்டு வீட்டையும் ஒரே நேரத்தில் உபயோகித்தார், ஆட்களும் விருந்தாளிகளும் இரண்டிலும் தங்கினார்கள், அதனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுதுவது பாதிக் கதைதான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மேரி, ஜன்னல் வரி, இந்த இரண்டுக்கும் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள், இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அடுத்தவர் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். ஸ்மித்சன் பெயரைச் சேருங்கள். ரோட்ஸ் சகோதரர்கள் பெயருக்கும் ஒரு வரி இடம் இருந்தால் இன்னும் நல்லது. இந்தப் பக்கம் வருகிற வாசகர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பழைய வீடு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், திறந்திருந்தால் அதற்கு முதலில் போங்கள், சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் புதிய வீட்டுக்குள் நுழையுங்கள். திறக்கவில்லை என்றால் வெளியிலிருந்தே அந்த அடுப்புகள் தெரியும். ஜன்னல் ஓரமாகவே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் நடுச்சுவர்ப் பக்கமும் கொஞ்சம் திரும்புங்கள். குளிர்காலத்தில் போனால் ஸ்வெட்டரோடு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாட்டிங்காம்